உக்ரைனில் ஒவ்வொரு ஊருக்கும் ஏன் அவ்வளவு சண்டை? அங்கே இருந்தவர்கள் எழுதுங்கள்

கார்கிவில் படித்தவர்:

உக்ரைனில் படித்தவர்கள், கப்பலில் போய்வந்தவர்கள், அங்கிருந்து அகதியாக வந்தவர்களோடு பழகியவர்கள் எனப் பலர் இங்கே இருக்கிறீர்கள். எப்படித் தப்பித்து வந்தோம் என்பதை நிறையப் பேசியாகிவிட்டது. இப்போது வேறொன்று கேட்கிறேன். நீங்கள் பார்த்த நகரத்தைப் பிடிக்க ஒரு ராணுவமும் காக்க இன்னொரு ராணுவமும் அவ்வளவு உயிரைக் கொடுத்தது எதற்காக? "முக்கிய நகரம் வீழ்ந்தது" என்று செய்தி வரும். எதனால் முக்கியம் என்று வராது. அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அது கொஞ்சமாவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கார்கிவில் மருத்துவம் படித்தேன். போருக்கு முன் சுமார் 14 லட்சம் பேர் வாழ்ந்த ஊர், உக்ரைனின் இரண்டாவது பெரிய நகரம். ரஷ்ய எல்லை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரம்கூட இல்லை. 2022 பிப்ரவரி 24 விடியும் முன்பே குண்டு விழத் தொடங்கியது. நாங்கள் நௌகோவா மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கிவிட்டோம். மெட்ரோ ஓட்டத்தை நிறுத்தி, நிலையங்களை மக்கள் தங்கத் திறந்துவிட்டார்கள். நின்றிருந்த ரயில் பெட்டிக்குள்ளேயும் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு தாத்தா இருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் அவரிடம் கேட்டோம்: எல்லையோரம் எவ்வளவோ ஊர் இருக்கிறதே, இந்த ஊர்மேல் ஏன் இவ்வளவு குறி? அவர் ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து அதில் கோடு போட்டுக் காட்டினார். மாஸ்கோவிலிருந்து தெற்கே வரும் பாதை, கீவுக்குப் போகும் பாதை, டான்பாஸ் சுரங்கப் பகுதிக்கு இறங்கும் பாதை, எல்லாம் கார்கிவில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ரஷ்ய ராணுவம் ரயிலை நம்பிய ராணுவம். பீரங்கிக் குண்டு டன் கணக்கில் வேண்டும், அதை லாரியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோக முடியாது. இந்த முடிச்சு கையில் இல்லாவிட்டால் அவர்கள் சுற்றித்தான் போகவேண்டும் என்றார். எனக்கு அப்போது பசியும் பயமும்தான், பாதி காதில் ஏறவில்லை.

27-ம் தேதி ரஷ்ய வண்டிகள் ஊருக்குள்ளேயே வந்தன. அன்றே விரட்டப்பட்டன. மார்ச் 1 காலை சுதந்திரச் சதுக்கத்தில் இருந்த மாகாண நிர்வாகக் கட்டடத்தில் ஏவுகணை விழுந்தது. சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளியே போயிருந்த கர்நாடக மாணவர் ஒருவர் உயிரிழந்ததும் அன்றுதான். மறுநாள், நடந்தாவது பிசோச்சின், பாபாய், பெஸ்லியுதிவ்கா ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றுக்கு மாலை 6 மணிக்குள் போய்விடுங்கள் என்று தூதரகத்தின் அறிவிப்பு வந்தது. நாங்கள் பிசோச்சினுக்கு நடந்தோம்.

தாத்தா சொன்னது செப்டம்பரில் நடந்தது. நான் ஊரில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்கிவ் கிடைக்காததால், ரஷ்யா கிழக்கே ஒஸ்கில் நதியோரம் உள்ள குபியான்ஸ்க் வழியாகச் சுற்றி, தெற்கே இசியூமில் இருந்த படைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இசியூம் ஏப்ரல் தொடக்கத்தில் அவர்கள் கைக்குப் போன ஊர், டான்பாஸின் ஸ்லோவியான்ஸ்க் நகரம் நோக்கி இறங்குவதற்கான வாசல். 2022 செப்டம்பர் 10 அன்று உக்ரைன் படை குபியான்ஸ்க்குக்குள் நுழைந்தது. அன்றைக்கே ரஷ்யப் படை இசியூமை விட்டு வெளியேறியது. பிடிபட்டது குபியான்ஸ்க், காலியானது இசியூம். குபியான்ஸ்க் அந்தச் சுற்றுப்பாதையின் முடிச்சாக இருந்ததால்தான் இது நடந்தது. 2025-லும் அதே குபியான்ஸ்க்குக்காகச் சண்டை நடந்தது.

சரி, மற்றவர்கள் எழுதுங்கள்.

சூமியில் படித்தவர்:

அண்ணா, எங்கள் ஊர் கடைசிவரை யார் கையிலும் விழவில்லை. ஆனால் வெளியே போக வழியில்லை. சுற்றிலும் சாலையில் சண்டை, ரயில் இல்லை. விடுதியில் தண்ணீர் நின்றதும் பனியை அள்ளிப் பாத்திரத்தில் உருக்கினோம். மார்ச் 8 அன்றுதான் பேருந்துகளில் ஏற்றிப் பொல்தாவாவுக்குக் கொண்டுபோனார்கள்.

ரஷ்யர்கள் சூமியைப் பிடிக்கவில்லை, ஓரமாக ஒதுங்கிக் கீவை நோக்கிப் போனார்கள் என்று பிறகு படித்தேன். முதுகுக்குப் பின்னால் பிடிபடாத நகரங்களை விட்டுவிட்டுப் போனதால், பின்னால் வந்த எண்ணெய் லாரிகளும் சரக்கு வண்டிகளும் வழியெல்லாம் அடிவாங்கின. மார்ச் இறுதியில் கீவ் பக்கமிருந்தே பின்வாங்கினார்கள். நாங்கள் அடைபட்டுக் கிடந்த அந்தச் சின்ன ஊர் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கும்போது அங்கே இருந்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. எங்கள் விடுதிக் காவலாளி அம்மா தன் வீட்டு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தூத்துக்குடிக் கப்பல்காரர்:

தம்பி ரயிலைச் சொன்னார், தெற்கே எல்லாமே பாலமும் தண்ணீரும்தான். எங்கள் கப்பல் மக்காச்சோளம் ஏற்ற மிக்கோலாயிவ் துறைமுகத்தில் கட்டியிருந்தது. நான் செகண்ட் இன்ஜினியர். போர் தொடங்கியதும் துறைமுகத்தை மூடினார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் கிடையாது, இழுத்துப்போகும் டக் படகு கிடையாது. அங்கிருந்து கடலுக்குப் போக ஒரே வழி தெற்கு பூக் நதியில் இறங்கி, கின்பர்ன் மணல்திட்டை ஒட்டி வெளியேறுவது. கடலில் கண்ணிவெடி, வெளியே போர்க்கப்பல். பல நாட்டுக் கப்பல்கள் அப்படியே நின்றன.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம்முடைய ஐஎன்எஸ் விக்கிரமாதித்யா கட்டப்பட்டது அங்கேதான், அங்குள்ள கருங்கடல் கப்பல்தளத்தில். நம் கடற்படையின் பல கப்பல்களில் ஓடும் எரிவாயு டர்பைன்களும் அந்த ஊரில் செய்தவை. கப்பல் வேலை தெரிந்தவனுக்கு அது மரியாதைக்குரிய ஊர்.

கிரேன் ஓட்டும் ஒருவர் எங்களோடு நன்றாகப் பழகுவார். குண்டுச் சத்தத்துக்கு நடுவே கப்பலுக்கு ரொட்டி கொண்டுவந்தார். குடும்பத்தோடு போய்விடலாமே என்று கேட்டேன். அவர் வர்வாரிவ்கா பாலத்தைக் கைநீட்டிக் காட்டினார். கப்பல் போவதற்காக நடுப்பகுதி திரும்பி வழிவிடும் பாலம் அது. கிழக்கே கெர்சன் மார்ச் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. அடுத்து இந்தப் பாலம், பாலத்தைத் தாண்டினால் ஒடேசா, ஒடேசா போனால் உக்ரைனுக்குக் கடலே இல்லை. இதைச் சொல்லிவிட்டு, "நான் போனால் இதை யார் பார்ப்பது?" என்றார். அவர் ராணுவத்தில் இல்லை, கிரேன் ஓட்டுகிறவர்.

ரஷ்யர்கள் வடக்கே சுற்றி வோஸ்னெசென்ஸ்க்கில் நதியைக் கடக்கப் பார்த்தார்கள். அங்கே உக்ரைன்காரர்களே தங்கள் பாலத்தைத் தகர்த்தார்கள், ஊர் மக்களும் சேர்ந்து நின்றார்கள். சின்ன ஊர், வெளியே பலருக்குப் பெயர்கூடத் தெரியாது. அந்த இடத்தில் கடந்திருந்தால் ஒடேசாவுக்குப் பின்பக்க வழி திறந்திருக்கும், தெற்கு உக்ரைன் அணுமின் நிலையமும் அருகில்தான். தெற்குப் போரில் அதிகம் பேசப்படவேண்டிய சண்டை அதுதான் என்பது என் எண்ணம்.

எங்களைப் பேருந்தில் மால்டோவா வழியாக ருமேனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வந்தால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிக் கிடக்கிறது. நாம் இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது, அந்தத் துறைமுகங்கள் வழியாகத்தான். 2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் தானிய ஒப்பந்தம் போட்டபோது ஒடேசா, சொர்னோமோர்ஸ்க், பிவ்தென்னி ஆகிய மூன்று துறைமுகம்தான் திறந்தது. மிக்கோலாயிவ் இல்லை. கின்பர்ன் திட்டு ரஷ்யர் கையில் இருக்கும்வரை அந்தத் துறைமுகம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கிரேன்காரரோடு போனில் தொடர்பு இருந்தது. ஏப்ரலில் அந்த ஊருக்குக் குடிநீர் நின்றுபோனது. தினிப்ரோ நதியிலிருந்து வரும் குழாய் கெர்சன் பக்கம் உடைந்துவிட்டது. அப்புறம் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஊரைப் பிடிக்க முடியாதபோது அதன் தண்ணீரும் துறைமுகமும் போயின.

கெர்சன் கதை இதற்கு நேரெதிர். அது ரஷ்யர் பிடித்த பெரிய பரிசு, ஆனால் தினிப்ரோ நதியின் மேற்குக் கரையில் இருந்தது. சோறு, குண்டு, ஆள் எல்லாம் அன்தோனிவ்ஸ்கி பாலத்தில் வரவேண்டும், இல்லையென்றால் நோவா ககோவ்கா அணைப் பாதையில். ஜூலையிலிருந்து உக்ரைன் ஹிமார்ஸ் ராக்கெட்டால் அந்தப் பாலத்தைத் துளை துளையாக அடித்தது. படகிலும் மிதவையிலும் ஒரு படைக்கு எவ்வளவு நாள் சரக்கு கொடுக்க முடியும்? நவம்பர் 9 அன்று விலகுவதாக அறிவித்தார்கள், 11 அன்று உக்ரைன் படை உள்ளே வந்தது. கிரேன்காரர் அன்று இரவு எனக்கு வீடியோ கால் போட்டு அழுதார்.

போலந்தின் க்ராகூவில் வேலை பார்ப்பவர்:

நான் போரைப் பார்க்கவில்லை, போரிலிருந்து வந்தவர்களைப் பார்த்தேன். 2022 மார்ச்சில் வார இறுதிகளில் உக்ரைன் எல்லையோரம் உள்ள பெஷெமிஷ் ரயில் நிலையத்தில் தன்னார்வலராக நின்றோம். உக்ரைன் தண்டவாளம் 1520 மில்லிமீட்டர், போலந்தில் 1435. அதனால் அகலப் பாதை வண்டிகள் அங்கே வந்து நிற்கும், எல்லாரும் அங்கே இறங்குவார்கள்.

மார்ச் கடைசியில் மரியுபோலிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தார், காரில் ஸபோரிஷ்யா வரை தப்பி வந்து பிறகு ரயில் ஏறியவர்கள். அப்பா அசோவ்ஸ்தால் உருக்காலையில் வேலை பார்த்தவராம். சோவியத் காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கறைகள் அந்த ஆலைக்குக் கீழே இருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்றார். பின்னால் மே 20 வரை அந்த நகரத்தின் கடைசிப் படை அதற்குள்தான் இருந்தது. மார்ச் 16 அன்று குண்டு விழுந்த நாடக அரங்கின் முன்னும் பின்னும் "குழந்தைகள்" என்று வானத்திலிருந்து தெரியும்படி பெரிதாக எழுதியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னது நினைவில் இருக்கிறது: "2014-லேயே எங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் வழியில் இருக்கிறது என்று." ரஷ்யாவிலிருந்து, அது 2014-ல் பிடித்த கிரிமியாவுக்குத் தரைவழி வேண்டுமென்றால் அசோவ் கடலோரமாகத்தான் போகவேண்டும், மரியுபோல் அந்த ஓரத்தின் நடுவில் இருக்கிறது. அது இல்லாமல் கிரிமியாவுக்கு 2018-ல் திறந்த கெர்ச் பாலம் மட்டும்தான். துறைமுகம், இரண்டு பெரிய உருக்காலைகள் எல்லாம் இருந்தும், முதலில் வேண்டியிருந்தது அந்தச் சாலைதான். சுமார் 4.3 லட்சம் பேர் வாழ்ந்த ஊரை அதற்காக இடித்தார்கள். ராணுவக் கணக்கு எனக்குப் புரிகிறது. அதை நியாயம் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு கேள்வி: பாக்முத்தை இந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? அங்கே கடலும் இல்லை, பெரிய பாலமும் இல்லையே.

கார்கிவில் படித்தவர்:

என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய ஊர் பாக்முத். ஜிப்சம் சுரங்கத்துக்குள் நுரைக்கும் வைன் பதப்படுத்தும் ஆலை இருந்த ஊர், பக்கத்துச் சோலெதாரில் உப்புச் சுரங்கம். சுமார் 70,000 பேர். சாலைகள் கூடும் இடம் என்ற அளவில் முக்கியம் உண்டு. ஆனால் 2022 ஆகஸ்டிலிருந்து 2023 மே 20 வரை வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படை அங்கே கொட்டிய உயிருக்கு அந்தச் சாலைச் சந்திப்பு ஈடாகாது. அந்தப் படையின் தலைவர் பிரிகோஷினே அதை இறைச்சி அரைக்கும் எந்திரம் என்றுதான் சொன்னார். ஒருகட்டத்தில் இரண்டு பக்கமும் எதிரியின் ஆளைக் கரைப்பதற்காகவே அங்கே நின்றன என்று நினைக்கிறேன். உக்ரைன் அவ்வளவு நாள் அங்கே நின்றது சரியா என்று என் தோழனுக்கே சந்தேகம். மேற்கே உயரத்தில் 'சாசிவ் யார்' என்ற ஊர் இருக்கிறது. பாக்முத் விழுந்த பிறகும் அந்த மேட்டுக்காக 2025 வரை சண்டை போனது. அதற்கும் மேற்கே உள்ள கிராமடோர்ஸ்க் நகரத்துக்கான பாதை திறக்கவில்லை. அவனுடைய அம்மா இப்போது கார்கிவில் இருக்கிறார்.

எல்லைக்கு இவ்வளவு அருகில் கார்கிவ் மக்கள் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ரஷ்யாவின் பெல்கொரோத் பக்கமிருந்து ஏவினால் சைரன் ஒலித்து முடிப்பதற்குள் ஏவுகணை விழுந்துவிடும், உண்மைதான். 2024 மார்ச்சில் மின்நிலையத்தை அடித்தார்கள், ஏப்ரலில் தொலைக்காட்சிக் கோபுரத்தை. ஆனாலும் மருத்துவமனைகள் ஓடுகின்றன, ரயில் வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பறைகள் நடத்துகிறார்கள். 2024-ல் மண்ணுக்கடியிலேயே புதிதாகப் பள்ளி கட்டித் திறந்தார்கள். மக்கள் போய்விட்டால் தண்டவாளத்தைச் சரிசெய்ய, காயம்பட்டவரைப் பார்க்க, மின்கம்பி இழுக்க ஆள் இருக்காது. அந்த ஊரைக் காப்பதும் கடினமாகிவிடும். என்னோடு படித்த உக்ரைன் மாணவர்களில் சிலர் அங்கேயே டாக்டராக இருக்கிறார்கள். அறுவை சிகிச்சைப் பிரிவில் இருப்பவளிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன், கேள்விகள் இருந்தால் அனுப்பச் சொன்னாள். எழுதுங்கள், மொழிபெயர்த்து அனுப்புகிறேன். ஒடேசாவில் படித்தவர்கள் இருந்தால் துறைமுகப் பக்கத்தை நீங்கள் எழுதவேண்டும், கப்பல்கார அண்ணன் சொன்னதற்கு மறுகரை அது.