மறு: ஹோவர் – 'மிதத்தல்' வேண்டாம், 'நின்றுபறத்தல்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக எழுதிவரும் கையேட்டில் 'ஹோவர்' என்ற ஒரு சொல்லில், அதாவது வானில் ஒரே இடத்தில் நிற்பதைக் குறிக்கும் சொல்லில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'மிதத்தல்' போதுமே என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். எளிய சொல்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

தக்கை மிதக்கும், ஓடம் மிதக்கும். அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஹெலிகாப்டரைக் காற்று அப்படித் தாங்காது. விளையாட்டில் வரும் ஸ்டிராடிஸ் தீவின் விமானத்தளத்தில் ஹம்மிங்பேர்ட் என்ற சிறிய ஹெலிகாப்டரை முதன்முதலாகப் பத்து மீட்டர் உயரத்தில் நிறுத்தப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மூக்கு லேசாகத் தாழ்ந்தது, வண்டி முன்னால் நழுவியது. மூக்கைத் தூக்கினேன். நின்றது, உடனே பின்னால் போகத் தொடங்கியது. பதறிப்போய் விசையைக் குறைத்தேன். வால் தரையில் இடித்தது, அவ்வளவுதான். விசிறி தரும் தூக்குவிசை விசிறி சாய்ந்த பக்கமே சாயும். அதில் ஒரு பங்கு வண்டியை நகர்த்தப் போய்விட்டால், எடையைத் தாங்க மிஞ்சுவது குறைந்துவிடும். அதனால் ஒரு திருத்தம் செய்தால் அதைத் திருத்த இன்னொன்று செய்ய வேண்டியிருக்கிறது. விரல்களுக்கு ஓய்வே கிடையாது.

விளையாட்டில் 2014இல் வந்த மேம்பட்ட பறப்பு முறையில் இது இன்னும் கடினம். விசையைக் கூட்டினாலே மூக்கு ஒரு பக்கம் திரும்பும், அதைப் பெடலால் பிடிக்க வேண்டும். உண்மையான ஹெலிகாப்டரிலும், மிதமான வேகத்தில் முன்னே பறப்பதைவிட ஒரே இடத்தில் நிற்கத்தான் அதிக ஆற்றல் வேண்டும். இதைப் போய் 'மிதத்தல்' என்றால் பழகுகிறவர் கையைத் தளர்த்திவிடுவார்.

'மிதத்தல்' என்பதற்குப் பதிலாக 'அந்தரநிலை' என்ற சொல் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் இலங்கைத் தமிழில் அந்தரம் என்றால் அவசரமும் தவிப்பும். 'அந்தரப்படாதேங்கோ' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'அந்தரநிலைக்கு வாருங்கள்' என்று எழுத முடியாது. கையேடு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

என் பரிந்துரை 'நின்றுபறத்தல்'. கண்மாய்க் கரையில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகைப் படபடவென்று அடித்தபடி, அலகைக் கீழே நோக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் சட்டென்று பாயும். அது நிற்கிறது, ஆனால் பறந்துகொண்டேதான் நிற்கிறது. இரண்டு வினையும் சொல்லில் இருந்தால்தான் அந்த உழைப்பு தெரியும். பாடநூல்களில் 'நின்றொளிர்தல்' (ஒளி படுவது நின்ற பிறகும் ஒரு பொருள் ஒளிர்வது) ஏற்கெனவே இருக்கிறது. அங்கே 'நின்று' என்பது நீடிப்பதைக் குறிக்கிறது, இங்கே இடம் மாறாமையை. பொருள் வேறானாலும் சொல்லின் அமைப்பு நமக்குப் புதிதல்ல.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'கூரைக்கு மேலே நின்றுபறந்தபடி ஆட்களை இறக்குங்கள்.' 'நின்றுபறக்கும்போது செங்குத்தாக வேகமாக இறங்காதீர்கள்.' இரண்டும் இடறாமல் வருகின்றன. இரண்டாவது வாக்கியம் முக்கியமானது. அப்படி இறங்கினால் வண்டி தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அங்கே விசையைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். மூக்கைத் தாழ்த்தி முன்னே நகர்ந்து வெளியே வர வேண்டும். இதற்குச் 'சுழல்வளையச் சிக்கல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறியதாக ஒன்று கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

'நீளமாக இருக்கிறதே, பொத்தானில் அடங்குமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. பொத்தானுக்கு 'நின்றுபற' என்ற ஏவல் வடிவமே போதும். 'ஆட்டோ ஹோவர்' வசதிக்குத்தான் 'தானியங்கு நின்றுபறத்தல்' என்பதா, 'தானியங்கு நின்றுபறப்பு' என்பதா என்று தெளிவில்லை. என் காதுக்குப் 'பறப்பு' நன்றாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த அத்தியாயத்தை அதன்படியே திருத்திவிடுகிறேன்.