ஆஸ்டிக்கில் சிக்கிய நீர்மூழ்கி கடைசி நிமிடத்தில் தப்பியது எப்படி?

கேள்வி:
இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன ஃபிளவர் வகை கொர்வெட்டில் (சிறிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்) ஆஸ்டிக் (ஒலி அனுப்பி, எதிரொலியால் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவி) இருந்தது, டெப்த் சார்ஜும் (நீருக்குள் குறித்த ஆழத்தில் வெடிக்கும் குண்டு) இருந்தது. எதிரி இருக்கும் இடம் தெரிந்த பிறகும் பெரும்பாலான தாக்குதல்கள் வீணானது ஏன்? வேகம் போதவில்லையா?

பதில் 1:
16 நாட் (மணிக்கு சுமார் 30 கி.மீ.) வேகம் குறைச்சல்தான், ஆனால் இங்கே இடித்தது நேரக் கணக்கு. ஆஸ்டிக் ஒலி முன்னோக்கித்தான் போகும். ஏறத்தாழ 180 மீட்டருக்குள் வந்ததும் நீர்மூழ்கி அந்த ஒலிக்கற்றைக்குக் கீழே மறைந்துவிடும். ஆழத்தில் இருந்தால் இன்னும் முன்னாலேயே. குண்டுகளோ கப்பலின் பின்பக்கம். 15 நாட்டில் அந்தத் தூரத்தைக் கடக்கவே 23 வினாடி ஆகும். மார்க் 7 என்ற வழக்கமான டெப்த் சார்ஜ் வினாடிக்கு 3 மீட்டர்தான் இறங்கும். 90 மீட்டர் ஆழம் போக இன்னும் 30 வினாடி. அதற்குள் 4 நாட்டில் நகரும் நீர்மூழ்கி 100 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். குண்டோ சுமார் 6 மீட்டருக்குள் வெடித்தால்தான் அதன் உடல் கிழியும். கொர்வெட்டின் சுழலி வேகமெடுக்கும் சத்தம் கீழே கேட்கும். அந்த நொடியில் சுக்கானைத் திருப்பினால் தப்பித்தார்கள்.

பதில் 2:
ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்க கால ஆஸ்டிக் திசையும் தூரமும் மட்டுமே சொன்னது. வெடிக்கும் ஆழத்தை ஊகித்துத்தான் குண்டில் வைத்தார்கள். அதனால்தான் ஒன்றாகப் போடாமல் ஐந்தாகப் போட்டார்கள்: பின்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்றாக எறிகருவியிலிருந்து இரண்டு. பின்னாளில் பத்து, அதில் பாதி, 68 கிலோ இரும்பு கட்டி வினாடிக்கு 5 மீட்டர் இறங்கும் கனரகம். ஆழம் குறைத்து வைத்துவிட்டு மெதுவாகப் போனால் சொந்தப் பின்பக்கமே அடிவாங்கும். வெடித்த பிறகு கலங்கிய நீரில் ஆஸ்டிக் சில நிமிடம் எதற்கும் உதவாது.

பதில் 3:
இந்த இடைவெளியை அடைத்தது ஹெட்ஜ்ஹாக். 24 குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் 200 மீட்டரளவில் வட்டமாக வீசும். ஒலித்தொடர்பு அறுவதற்குள் குண்டு நீரில் விழுந்துவிடும். பட்டால்தான் வெடிக்கும், தவறினால் நீர் கலங்காது. பிரிட்டிஷ் கணக்கில் டெப்த் சார்ஜுக்கு 60 தாக்குதலுக்கு ஒரு நீர்மூழ்கி, ஹெட்ஜ்ஹாக்குக்கு ஆறுக்கும் குறைவானதற்கு ஒன்று.

கேட்டவர்:
அப்படியானால் டெப்த் சார்ஜை ஏன் கைவிடவில்லை?

பதில் 3:
ஹெட்ஜ்ஹாக் குண்டு மயிரிழையில் தவறினாலும் பயனில்லை. டெப்த் சார்ஜ் அருகில் வெடித்தாலே கசிவு வரும், விளக்கு அணையும், பேட்டரி உடையும். கொல்லாவிட்டாலும் நீர்மூழ்கியைத் தலைதூக்க விடாமல் அழுத்தி வைத்திருந்தால் சரக்குக் கப்பல்கள் கடந்து போய்விடும். காவல் கப்பலின் முதல் வேலை அதுதான்.