கவுன்சிலிங்கில் வந்தவர் சொன்ன, மறக்க முடியாத ஒரு வாக்கியம்: உங்கள் அனுபவம்?

குடியை விட வந்தவர், மூன்றாவது சந்திப்பு. நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கோ பார்த்தபடி, "குடிக்காத அன்னைக்குத்தான் என் பொண்ணு மடியில வந்து உட்கார்றா" என்றார். தலை நிமிராமலே "ம்" சொல்லிவிட்டு, கல்லீரல் பாதிப்பை விளக்க ஆரம்பித்தேன். "சரி சார்" என்று எழுந்து போனார். அப்புறம் வரவே இல்லை. பேனாவை வைத்துவிட்டு "மடியில வந்து உட்கார்றாளா?" என்று கேட்டிருக்கலாம்.

*

சார், அந்த ஒரு "ம்"மால்தான் அவர் வரவில்லை என்று சொல்ல முடியாது. வராமல் போக ஆயிரம் காரணம் இருக்கும்.

எனக்கு நடந்தது புகைபிடிப்பவரிடம். 0 முதல் 10 வரை, விடுவது எவ்வளவு முக்கியம் என்றேன். 4 என்றார். "ஏன் 1 சொல்லல?" கையில் சுழன்றுகொண்டிருந்த லைட்டர் நின்றது. "மாடிப்படியில என் பையன் எனக்காக நின்னு நின்னு ஏறுறான்." முந்தைய வாரம் இதே ஆளிடம் "ஏன் 10 இல்லை?" என்று கேட்டிருந்தேன். விட முடியாததற்கு வரிசையாகக் காரணம் சொன்னார்.

*

0 முதல் 10 வரை எண் கேட்டதும் வேலை முடிந்துவிடாது. என்னிடம் வந்த பெண் விடுவதற்கு அருமையான காரணங்களாக அடுக்கினார், கதவருகே "முயற்சி பண்றேன்" என்றார். அடுத்த வாரமே பழையபடி.

காரணம் சொல்வது வேறு, "செய்றேன்" என்பது வேறு. 2003இல் அம்ரைன் என்ற ஆய்வாளரின் குழு போதைச் சிகிச்சை உரையாடல்களை ஆராய்ந்தது. உறுதி சொல்லும் பேச்சு எவ்வளவு அழுத்தமானது, அதிலும் கடைசிப் பகுதியில் வலுத்ததா என்பதே பின்னால் போதையிலிருந்து விலகியிருந்ததோடு ஒத்துப்போனது. "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்", "நாளைக்குக் காலையில பாக்கெட்டைத் தூக்கிப் போடுறேன்" மூன்றையும் காது பிரித்துக் கேட்கவேண்டும். அதற்காக "செய்றேன்" என்ற உறுதியை அவரிடமிருந்து வற்புறுத்திப் பிடுங்காதீர்கள். நாம் ஒரு பக்கம் தள்ளினால் அவர் மறுபக்கம் நின்று வாதாடுவார், வாதாட வாதாட அதையே நம்புவார். குடிப்பவர்களிடம் மில்லர் என்ற உளவியலாளரின் குழு செய்த 1993 ஆய்வில், ஆலோசகர் எந்த அளவுக்கு மோதினாரோ அந்த அளவுக்கு ஓராண்டு கழித்துக் குடி அதிகமாக இருந்தது. "அடுத்து என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்கத்தான் பழக வேண்டும்.

*

நான் எதிர் நாற்காலியில் இருந்தவள். "அம்மாகிட்ட இன்னும் எத்தனை பொய் சொல்றது" என்றேன். மேடம் கொஞ்சம் பொறுத்து, "பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுட்டீங்க" என்றார். களைப்பு என்று நான் சொல்லவே இல்லை. "ஆமா. போதும்" என்றேன். அந்தப் "போதும்" என் குரலில்தான் வந்தது என்பதை நம்பவே கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் எழுதிய சார், அவர் போன் நம்பர் இருந்தால் ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்களேன். பொண்ணு எப்படி இருக்கா என்று மட்டும் கேளுங்கள்.