கார்டன் சைல்டு: ஆரியரைத் தேடிப் போய் மனிதரைக் கண்டவர்

உறவுகளுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகளில் சிலர் தொல்லியல் படிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் முதலில் அறிய வேண்டியவர் என்று நான் நினைப்பது பேராசிரியர் கார்டன் சைல்டை.

1892இல் சிட்னியில் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் சபைப் பாதிரியார், கண்டிப்பானவர். தாய் அவருக்கு இரண்டாம் மனைவி. மகன் கல்லூரிக்குப் போகுமுன்பே, 1910இல், தாய் இறந்துவிட்டார். அந்தப் பக்திக் குடும்பத்தில் வளர்ந்த பையன் கடவுள் நம்பிக்கையை விட்டு இடதுசாரியானான். சிட்னியில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனார். முதல் உலகப் போரின்போது கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்ததால், ஊர் திரும்பியதும் கல்வி நிறுவனங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜான் ஸ்டோரியிடம் தனிச் செயலாளராக இருந்தார். 1921இல் ஸ்டோரி இறந்த பிறகு, அரசு வேலையாக லண்டன் போயிருந்தவருக்கு அந்த வேலையும் போயிற்று. மொழிபெயர்ப்பு, நூலகப் பணி என்று நாள் தள்ளியவருக்கு 1927இல்தான் எடின்பரோவில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1946 முதல் பத்து ஆண்டுகள் லண்டன் தொல்லியல் நிறுவனத்தின் இயக்குநர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவரை ஆராய்ச்சிக்கு இழுத்தது மொழி. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் பிறந்த மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழி பேசியவர்களின் தாயகம் எது என்று பானைகளிலும் கருவிகளிலும் தேடினார். 1926இல் அந்த மக்களை ஆரியர் என்று அழைத்து ஒரு நூலும் எழுதினார். அதன்பின் ஜெர்மனியில் நாஜிகள் அதே பேச்சை எடுத்து என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சைல்டு அந்த நூலைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தார். இனவாதத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்ப எழுதினார். ஒரே வகைப் பானையும் கருவியும் புதைமுறையும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்தால் அதை ஒரு 'பண்பாடு' என்று சொல்லலாம், அதைக் கொண்டு ரத்தத்தையோ மண்டையோட்டையோ பேசக்கூடாது என்பது அவர் நிலை. அவரை நான் இவ்வளவு மதிப்பது இதற்காகத்தான்.

அகழாய்வில் அவர் பெரிய கைகாரர் அல்லர். 1928 முதல் 1930 வரை ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில் ஸ்காரா பிரே என்ற கற்கால ஊரைத் தோண்டினார். கல்லில் கட்டில், கல்லில் அலமாரி என்று வீடுகள் அப்படியே இருந்தன. அதை இரும்புக்காலத்தது என்று முதலில் கணித்தார். பின்னர் வந்த ரேடியோகார்பன் கணக்கு (பழம்பொருளில் எஞ்சிய கரிமத்தை அளந்து வயது காணும் முறை) அதை ஐயாயிரம் ஆண்டுப் பழமைக்குக் கொண்டுபோனது. அவருடைய பலம் வேறு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றைப் படித்து, அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக ஏறியிறங்கி, சிதறிக் கிடந்த சான்றுகளை ஒரே வரலாறாகக் கோத்தார். மனிதன் உழவுக்கு மாறியதைப் புதிய கற்காலப் புரட்சி என்றும், நகரங்கள் எழுந்ததை நகரப் புரட்சி என்றும் விளக்கினார். உழவு ஒரே வீச்சில் வரவில்லை, பல்லாயிரம் ஆண்டுகள் மெல்லப் பரவியது என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் சரியே.

லண்டன் பதவியிலிருந்து ஓய்வுபெற்று ஆஸ்திரேலியா திரும்பிய சைல்டு, 1957 அக்டோபரில் சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைப் பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். அது அவரே எடுத்த முடிவு என்பதை, பின்னர் 1980இல் வெளியான அவரது கடிதம் காட்டியது. நூல்களையும் சொத்தையும் தம் நிறுவனத்துக்கே எழுதிவைத்திருந்தார்.

நகரம் என்றால் என்ன என்பதற்கு 1950இல் அவர் பத்து அடையாளங்கள் சொன்னார். மக்கள் நெருக்கம், உழவு செய்யாத முழுநேரக் கைவினைஞர், வரியாகச் சேரும் உபரி, பெருங்கட்டடங்கள், எழுத்து, தொலைவணிகம் எல்லாம் அதில் உண்டு. கீழடியை அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். பானையில் எழுத்து இருக்கிறது, செங்கல் கட்டுமானம் இருக்கிறது, மணிகளும் கைத்தொழிலும் இருக்கின்றன. அரண்மனையோ பெருங்கோயிலோ இதுவரை வெளிப்படவில்லை. ஆனால் பெருங்கட்டடம் இல்லாமலும் நகரம் இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் வாதிடுகிறார்கள். தொல்லியல் படிக்கப் போகும் பிள்ளைகள் அந்த வாதத்தையும் சேர்த்தே படிக்கட்டும்.