எல்பிஜில இரும்பு வெல்டிங் ஆகுமாம்! (முதல் டார்ச் செட் பஞ்சாயத்து)

நீலச்சுடர்:
பக்கத்துத் திரியில ஒரு பையன் முதல் டார்ச் செட் எது வாங்கலாம்னு கேட்டதுக்கு நம்ம பட்டறைமன்னன் திருவாய் மலர்ந்திருக்கார். அப்படியே ஒட்டறேன் (டிஏன்னா சிலிண்டர்ல வர்ற அசிட்டிலின்): "டிஏ எல்லாம் அந்தக் காலம். 19 கிலோ எல்பிஜி, ஒரு ஆக்சிஜன், ஒரு டார்ச். கட்டிங், வெல்டிங், பிரேசிங் மூணும் முடிஞ்சுது. டிஏ வாங்கறவன் காசைக் கரியாக்கறான்."

கட்டிங் ஆகும், சரி. பிரேசிங், அதாவது இரும்பை உருக்காம வேற உலோகக் கம்பியை உருக்கி ஒட்டறது, ஆகும், சரி. வெல்டிங்? இரும்போட இரும்பு உருகி ஒண்ணாகிற வெல்டிங், எல்பிஜிலயா? எந்த டிப்ல, எந்தக் கம்பில? பதில் சொல்லிட்டுப் போங்க.

பட்டறைமன்னன்:
வந்துட்டாருய்யா அசிட்டிலின் வக்கீல். கணக்குல பேசுவோம். இரும்பு 1,500 டிகிரி பக்கம் உருகுது. எல்பிஜி ஆக்சிஜன் சுடர் 2,800. ஆயிரத்துக்கு மேல மிச்சம் இருக்கு. அப்புறம் ஏன் ஆகாது? ஊர் முழுக்க எல்பிஜி வெச்சு கேஸ் வெல்டிங் ஓடுது. கேட் கீல், சைக்கிள் ஃபிரேம், டிராக்டர் சைலன்சர், எல்லாம் நிக்குது.

நீலச்சுடர்:
அந்த கேட் கீலுக்குப் போடற கம்பில காந்தம் ஒட்டுமா, ஒட்டாதா? இதை மட்டும் சொல்லுங்க.

டிகிரிக் கணக்குக்கு வருவோம். உச்ச வெப்பம் எவ்வளவுங்கறது இங்க விஷயமே இல்ல, அந்த வெப்பம் எங்க உட்கார்ந்திருக்குங்கறதுதான் விஷயம். அசிட்டிலின் 3,100க்கு மேல போகும். அதைவிட முக்கியம், அந்தச் சூடு உள்கூம்போட, அதாவது சுடர் நடுவுல பளிச்னு தெரியற கூம்போட, நுனியிலயே இருக்கும். உருகின குட்டையை மிளகு அளவுக்குப் பிடிச்சு நகர்த்தலாம். எல்பிஜில பெரும்பகுதிச் சூடு வெளிச்சுடர்ல பரவிடும். 2 எம்எம் தகடு மொத்தமும் சிவந்து நெளிஞ்ச அப்புறமும் குட்டை உருவாகாது. பொறுமை போய் ஆக்சிஜனைத் திருகுவீங்க. சுடர் சுருங்கி சீறும், சூடும் ஏறும், ஆனா அது ஆக்சிஜன் மிஞ்சின சுடர். குட்டை நுரைக்கும், பொறி பறக்கும், ஆறின பிறகு பார்த்தா ஓட்டை ஓட்டையா ஸ்பாஞ்சு. சுத்தியால ஒரு தட்டு, பிளந்துக்கும்.

அசிட்டிலின் நியூட்ரல்ல (ரெண்டு கேஸும் எதுவும் மிஞ்சாம எரியற நிலையில) நிக்கும்போது வெளிச்சுடர்ல இருக்கற கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் குட்டைக்குப் போர்வை மாதிரி. காத்து உள்ள வராது. அந்தப் போர்வை எல்பிஜில கிடைக்காது.

பட்டறைமன்னன்:
பாடம் நடத்தறதை விடுங்க. ஊர்ல ஓடுதா இல்லையா?

ஏசிக்குழாய்:
ஒரு சந்தேகம். மன்னன் அண்ணன் "கேஸ் வெல்டிங்"னு சொல்றது பித்தளைக் கம்பியும் போராக்ஸும் போட்டு ஒட்டறதையா? அதுல இரும்பு உருகறதே இல்ல, 900 டிகிரி பக்கம் பித்தளைதான் ஓடுது. எங்க ஏசி லைன்லயும் செம்புக் குழாய் ஒட்டறதை "வெல்டிங்"னுதான் சொல்றோம். ரெண்டு பேரும் ஒரே சொல்லை வெச்சு வேற வேற விஷயம் பேசற மாதிரி இருக்கு.

பட்டறைமன்னன்:
தம்பி, நாப்பது வருஷமா பட்டறையில வெல்டிங்னு சொல்ற சொல்லை நீங்க மாத்த வேணாம்.

நீலச்சுடர்:
சொல் என்னவோ இருக்கட்டும். காந்தம் ஒட்டினா இரும்புக் கம்பி, ஒட்டலன்னா பித்தளை. கம்பில காந்தம் ஒட்டுமா, ஒட்டாதா?

புதுக்கை:
அந்தக் கேள்வி கேட்டவன் நான்தாங்க. 2 எம்எம் சதுர ட்யூப் ஒட்டணும், 12 எம்எம் தகடு வெட்டணும், எப்பவாவது செம்புக் குழாய். என்னென்ன வாங்கணும்னு யாராவது பட்டியல் போடுங்களேன்.

நீலச்சுடர்:
உங்க வேலைக்கு டிஏதான் தம்பி. ட்யூப் ஒட்டணும்னு சொன்னப்பவே எல்பிஜி பேச்சு முடிஞ்சுது.

ஒரே கைப்பிடியில வெல்டிங் டிப்பும் கட்டிங் அட்டாச்மென்ட்டும் மாத்தி மாட்டற செட்டா எடுங்க. 12 எம்எம் தாண்டாதவனுக்குத் தனி கட்டர் வெட்டிப் பாரம். டிப் 2, 3, 5 நம்பர் போதும். 2ங்கறது 1.2 எம்எம் தகட்டுக்கு, 3ங்கறது 2 எம்எம்முக்கு, 5 இன்னும் கொஞ்சம் தடிப்புக்கு. ரெண்டு கேஸோட பிரஷரையும் 0.15 கிலோ பக்கம் வெச்சா இந்த மூணு டிப்பும் ஓடும். கட்டிங்குக்கு ஏஎன்எம் (டிஏக்கான நாசில் வகை) 3/64 அங்குலத் துளை நாசில், ஆக்சிஜன் 2 கிலோ. கடைக்காரர் பிஎன்எம் எடுத்து நீட்டினா வாங்காதீங்க, அது எல்பிஜியோட ரெண்டு துண்டு நாசில். டிஏல அதைப் போட்டா நுனி காய்ஞ்சு சுடர் படபடன்னு உள்வாங்கும். ஏஎன்எம்மை எல்பிஜில போட்டா சுடர் நாசிலை விட்டு எம்பி அணையும்.

ஹோஸ் நீலம் ஆக்சிஜன், சிவப்பு டிஏ. எரிவாயுப் பக்கம் நட் எல்லாம் இடது மரை, விளிம்புல வெட்டு இருக்கும். சுத்தலன்னு ஸ்பேனரைப் போட்டு முறுக்காதீங்க, எதிர்ப்பக்கம் சுத்துங்க. ஹோஸ் கிழிஞ்சா செம்புக் குழாய்த் துண்டு வெச்சு இணைக்கற பழக்கம் டிஏ பக்கம் கூடவே கூடாது. செம்பும் அசிட்டிலினும் சேர்ந்தா உண்டாகற உப்பு லேசா இடிச்சாலே வெடிக்கும். ரெகுலேட்டர் பக்கம் ரெண்டு லைனுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (உள்ள பாயற தீயைத் தடுக்கறது), டார்ச் பக்கம் என்ஆர்வி (கேஸ் திரும்பி வராம தடுக்கற வால்வு). இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

டிஏ பிரஷர் 1 கிலோவைத் தாண்டவே கூடாது. சிலிண்டருக்குள்ள அசிட்டோன்ல கரைஞ்சு நுண்துளைப் பொருள்ல ஊறி இருக்கறதாலதான் அது சமத்தா இருக்கு. வெளியில தனியா அழுத்தினா ஆக்சிஜன் இல்லாமலே வெடிக்கும். ஆட்டோவுல படுக்க வெச்சு வந்தா நிமிர்த்தி வெச்சு சில மணி நேரம் விட்டுட்டுத்தான் திறக்கணும்.

பட்டறைமன்னன்:
பாருங்க தம்பி, இவர் சொன்னதுலயே பாதி பயமுறுத்தல். இதுக்குத்தான் எல்பிஜி. ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு பயமே வேணாம்.

நீலச்சுடர்:
ஆமா, பயமே வேணாம். கசிஞ்சா காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோட ஊர்ந்து போய் குழிக்குள்ள படுத்துக்கும். டிஏ காத்தைவிட லேசு. மேல ஏறிப் போயிடும். இதை மட்டும் மன்னன் சொல்ல மாட்டார்.

பழையடர்னர்:
டிஏ சின்ன சிலிண்டர் வாங்கச் சொல்றவங்க இழுவைக் கணக்கையும் சொல்லணும். சிலிண்டர் கொள்ளளவுல மணிக்கு ஏழுல ஒரு பங்குக்கு மேல கேஸ் இழுத்தா அசிட்டோன் சேர்ந்து வரும், ஹோஸ் உள்ளே பாழாகும். 1.5 க்யூபிக் மீட்டர் சிலிண்டர்னா மணிக்கு 210 லிட்டர்தான். டிப் நம்பருங்கறது மணிக்கு எத்தனை கன அடிங்கறதுதானே? 7 நம்பரே 200 லிட்டர் குடிக்கும். 25 நம்பரைப் போட்டு வளைக்கறதுக்குச் சூடேத்தினா 700 லிட்டர். சின்ன சிலிண்டர் தாங்குமா?

நீலச்சுடர்:
5 நம்பருக்கு மேல நான் சொல்லவே இல்ல. படிச்சுட்டு எழுதுங்க. ஏழுல ஒண்ணுங்கறதும் பழைய கணக்கு, இப்பப் பத்துல ஒண்ணுங்கறாங்க. அப்படிப் பார்த்தாலும் 150 லிட்டர், 5 நம்பர் 140ல முடியும்.

பழையடர்னர்:
கட்டிங்குக்கும் அதே சிலிண்டர்தானே? அதுக்குக் கணக்கு எங்க? போன மாசம் டார்ச் அணைக்கறதுல முதல்ல ஆக்சிஜன்னு எழுதினவர்தானே நீங்க. டிஏவை முதல்ல மூடணும். சுடர் சட்டுனு போயிடும், கரி பறக்காது.

நீலச்சுடர்:
நான் எழுதினது உள்ள நெருப்பு வாங்கற நேரத்துக்கு. டார்ச்சுக்குள்ள 'கீ'ன்னு விசில் கேட்டு, கைப்பிடி சுட்டு, நுனியில கரும்புகை வந்தா ஆக்சிஜனைத்தான் முதல்ல மூடணும், அதுதான் உள்ள தீக்குத் தீனி. உடனே டிஏ. வழக்கமா அணைக்கறது வேற பேச்சு.

பழையடர்னர்:
அன்னிக்கு அப்படிப் பிரிச்சு எழுதலயே.

நீலச்சுடர்:
எழுதினேன்.

பழையடர்னர்:
எழுதல.

ஏசிக்குழாய்:
நடுவுல ஒண்ணு. புதுக்கை, செம்போட செம்பு ஒட்ட பாஸ்பரஸ் கலந்த கம்பி, ஃபிளக்ஸே (போராக்ஸ் மாதிரி ஒட்டற இடத்தைச் சுத்தமா வைக்கற பொருள்) வேணாம். ஆனா அதே கம்பியை இரும்புல போட்டுடாதீங்க, பாஸ்பரஸ் இரும்போட சேர்ந்து மூட்டு நொறுங்கும். செம்பும் இரும்பும்னா வெள்ளி அதிகம் உள்ள கம்பி, ஃபிளக்ஸோட. குழாய்க்குள்ள நைட்ரஜன் லேசா ஓடட்டும், இல்லன்னா உள்பக்கம் கருஞ்செதில் படிஞ்சு கம்ப்ரசருக்குப் போகும்.

பட்டறைமன்னன்:
அதுக்கு எல்பிஜி போதும்ல? போதும். அப்ப நான் சொன்னது சரி.

ஏசிக்குழாய்:
பிரேசிங்குக்குப் போதும்னு யாரும் மறுக்கலயே அண்ணே.

பட்டறைமன்னன்:
செலவைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலயே. எல்பிஜி விலை என்ன, டிஏ விலை என்ன?

நீலச்சுடர்:
ஆக்சிஜன் விலையைச் சேர்த்தீங்களா? ஒரு பங்கு டிஏக்கு சிலிண்டர்ல இருந்து ஒரு பங்கு, ஒண்ணேகால் பங்குக்குள்ள ஆக்சிஜன். ஒரு பங்கு எல்பிஜிக்கு நாலு பங்கு வரைக்கும் குடிக்கும். 7 க்யூபிக் ஆக்சிஜன் எத்தனை நாள் வருதுன்னு பார்த்துட்டு வாங்க.

பட்டறைமன்னன்:
பங்குக்குப் பங்கு பேசினா? எல்பிஜி ஒரு பங்குல டிஏவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல சூடு இருக்கு, கேஸ் கம்மியாத்தான் போகும். அதை ஏன் மறைக்கறீங்க? நாள் முழுக்கத் தகடு வெட்டற எந்த யார்டுலயாவது போய்ப் பாருங்க, டிஏவா நிக்குது? துளை போட கொஞ்சம் தாமதம், ஆனா வெட்டின விளிம்பு சுத்தம், கசடு தட்டினா உதிரும்.

நீலச்சுடர்:
கட்டிங் பத்தி நான் சண்டையே போடல! முதல் பதிவுலயே "கட்டிங் ஆகும், சரி"ன்னு எழுதியிருக்கேன். திரும்பத் திரும்பக் கட்டிங்குக்குள்ள ஓடி ஒளியாதீங்க. 2 எம்எம் ட்யூப். எல்பிஜி. கம்பில காந்தம் ஒட்டுமா?

புதுக்கை:
பிரேசிங் மட்டும்னா வீட்டு சிவப்பு சிலிண்டர்ல மாட்டலாமா?

பழையடர்னர்:
கூடாது. வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எடுக்கறது சட்டப்படி குற்றம். அந்த அடுப்பு ரெகுலேட்டர் பிரஷரும் டார்ச்சுக்குப் பத்தாது. நீலச்சுடர் இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.

நீலச்சுடர்:
நான் எல்பிஜியே வேணாம்னு சொல்றவன், நான் எதுக்கு அதைச் சொல்லணும்?

பட்டறைமன்னன்:
போதும். நாளைக்கே 2 எம்எம் ட்யூப் ரெண்டை எல்பிஜில வெல்டிங் பண்ணி படம் போடறேன். கம்பியும் செம்பு நிறத்துலதான் இருக்கும், பித்தளை இல்ல. அப்புறம் பேசுவோம்.

நீலச்சுடர்:
செம்பு முலாம் பூசின இரும்புக் கம்பியும் செம்பு நிறம்தான், சிலிக்கான் வெண்கலக் கம்பியும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். படத்துல கம்பி மேல ஒரு காந்தத்தையும் வெச்சு எடுங்க.

புதுக்கை:
அப்ப நான் 3/64 மட்டும் வாங்கினாப் போதுமா, 1/32ம் வேணுமா?