செயின், ஸ்ப்ராக்கெட் தேய்மானம்: பழைய மோட்டார் சைக்கிளில் நீங்கள் கண்டது என்ன?

ஒற்றைச் சிலிண்டர்:

புதுச் செயின் மாட்டிய மூன்றாம் நாள், மேட்டில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது காலுக்கருகே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒரு கணம் தளர்ந்து, உடனே மீண்டும் இழுத்தது. கியர்தான் நழுவுகிறது என்று நினைத்து, கிளட்ச் கேபிளைச் சரிசெய்துகொண்டு அதே மேட்டில் மறுபடியும் ஏறினேன். அதே இடத்தில் அதே சத்தம்.

வீட்டுக்கு வந்து வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். செயின், பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பல்லை விட்டு விலகும் இடத்தில் ஒரு ரோலர் (செயின் கண்ணியின் உருளை), கொக்கி போல் வளைந்திருந்த பல்நுனியில் மாட்டி, சற்றுத் தயங்கி, பிறகு தெறித்து விடுபட்டது. அடுத்த பல்லிலும் அப்படியே நடந்தது. புத்தம் புதிய செயின் ஒவ்வொரு பல்லிலும் மாட்டி மாட்டி விடுபடுவதைக் கண்ணெதிரே பார்த்தேன். பழைய செயின் இருந்தவரை இந்தச் சத்தம் வந்ததே இல்லை, ஏனென்றால் செயினும் பல்லும் சேர்ந்தே தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிப்போயிருந்தன.

ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றாததற்குக் காரணம் உண்டு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றைப் போல என் வண்டியிலும் அது பிரேக் டிரம்முடன் ஒரே துண்டாக இருக்கிறது. பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். நல்ல நிலையில் இருந்த டிரம்மை ஒதுக்க மனம் வரவில்லை. சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்து இழுத்தபோது பாதிப் பல் வெளியே தெரிந்தது, ஆகவே செயின் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். பல்லின் வடிவத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அந்த மூன்று நாளில் புதுச் செயின் எவ்வளவு கெட்டிருக்குமோ என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

எண்ணெய்க்கறை:

என் வண்டியில் நடந்தது வேறு வகை. செயின் தொங்குகிறது என்று ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டர்களையும் சமமாகத் திருகி, தொய்வை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்து முறுக்கிவிட்டேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. சில வாரங்களில் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது.

சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று நினைத்துக் கழற்ற உட்கார்ந்தவன், எதேச்சையாகச் சக்கரத்தைத் தள்ளினேன். அரைச் சுற்றுக்குள் அது கையில் கனத்து நின்றது. செயின் வீணைத் தந்தியைப் போல விறைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் மறுபடி தொங்கியது. நான் தொய்வை அளந்தது மிகத் தளர்வான இடத்தில் என்பது அப்போதுதான் விளங்கியது. இறுகிய இடம் வரும்போதெல்லாம் செயின் கியர்பாக்ஸ் ஷாஃப்டை இழுத்து இழுத்து, சீலுக்கு முன்பே பேரிங்கில் ஆட்டம் கண்டிருந்தது.

இறுக்கம் செயினில் இருக்கிறதா, ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறதா என்பதைச் சாக்பீஸால் கண்டுபிடித்தேன். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதே பல்லில் இறுகினால் ஸ்ப்ராக்கெட் மையம் விலகியிருக்கிறது என்று பொருள். ஒரு குறிப்பிட்ட கண்ணி வரும்போது மட்டும் இறுகினால் குற்றம் செயினுடையது: 100 கண்ணிச் செயினும் 40 பல் ஸ்ப்ராக்கெட்டும் இருந்தால் அந்தக் கண்ணி இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். என்னுடையது செயின்தான், ஒரு பகுதி மட்டும் தேயாமல், மற்றது நன்றாகத் தேய்ந்திருந்தது.

அங்குலக்கோல்:

ஒற்றைச் சிலிண்டர் அவர்கள் செய்த சோதனையை நம்பி எதையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயினைப் பின்புறம் இழுத்துப் பார்ப்பது செயினும் பல்லும் சேர்ந்த மொத்தத் தேய்மானத்தைக் காட்டுமே தவிர, எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நானும் அப்படி இழுத்துப் பார்த்து 530 என்ற எண் கொண்ட ஒரு செயினைக் கழற்றி மூலையில் போட்டேன். மாதங்கள் கழித்து அதே செயினை மேசையில் நீட்டி அளந்தபோது 20 கண்ணிக்கு 319 மி.மீ. மட்டுமே இருந்தது. புதிதில் அது 317.5 மி.மீ. இருக்க வேண்டும். அதாவது அரை விழுக்காடுகூடத் தேயாத செயினை நான் ஒதுக்கியிருந்தேன்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஆணியும் அது சுழலும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது. நூறு மூட்டிலும் கூடினால் அதுவே நீளமாகத் தெரிகிறது. ஆகவே அளப்பதற்கு முன் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் மூட்டுக்குள் இறுகிய கிரீஸும் மண்ணும் ஆட்டத்தை மறைத்துவிடும். பிறகு தட்டையான பலகையில் நேராக இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்திலிருந்து இருபத்தோராவது ஆணியின் மையம் வரை அளக்க வேண்டும்.

செயின் எண்ணின் முதல் இலக்கமே கணக்கைச் சொல்லிவிடும். அது அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. 428 என்றால் எட்டில் நான்கு, அதாவது 12.7 மி.மீ.; 20 கண்ணிக்கு 254. 520, 530 என்றால் எட்டில் ஐந்து, அதாவது 15.875 மி.மீ. ஓர் அடிக்குக் கால் அங்குலம் கூடினால் செயின் முடிந்தது என்பது பழைய பட்டறை வழக்கு. அது ஏறத்தாழ 2 விழுக்காடு. அந்தக் கணக்கில் 428 செயினில் 259 மி.மீ. ஆனாலும், 530 செயினில் 324-ஐத் தொட்டாலும் மாற்றியே தீர வேண்டும். ஒரே இடத்தில் அளந்து திருப்தி அடையாமல் நான்கைந்து இடங்களில் அளந்து, அவற்றுள் மோசமானதையே கணக்கில் கொள்ளுங்கள். எண்ணெய்க்கறை சொன்ன சீரற்ற தேய்மானமும் இதில் தெரிந்துவிடும். அளவுகோல் கையில் இல்லாதவர்கள், செயினின் ஒரு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டிப் பார்க்கலாம். தேய்ந்த செயின் வில்லாக வளைந்து தொங்கும். பக்கத்தில் ஒரு புதிய செயினையும் அவ்வாறே நீட்டினால்தான் அந்த வேறுபாடு புரியும்.

மூடிய கேஸ்:

நீங்கள் அனைவரும் கண்ணால் காணும் செயினைப் பற்றி எழுதுகிறீர்கள். ஜாவா 250 போன்ற வண்டிகளில் செயின் முழுவதும் கேஸுக்குள்ளும் ரப்பர் உறைகளுக்குள்ளும் மறைந்திருக்கும். மழையும் மண்ணும் படாது என்பதால் நான் பல ஆண்டுகள் அதைத் திறக்கவே இல்லை.

ஒருநாள் ரப்பர் உறையை விலக்கியபோது தகடுகளின் இடுக்கிலெல்லாம் செங்கல் பொடி போன்ற செந்தூள் படிந்திருந்தது. விரலால் துடைத்தேன், அடுத்த மூட்டை வளைத்ததும் மறுபடியும் கொஞ்சம் உதிர்ந்தது. வெளியே ரோலர்கள் எண்ணெய்ப் பசையோடு மினுங்கின, உள்ளே ஆணியும் புஷ்ஷும் வறண்டுபோய்த் தம்மைத் தாமே அரைத்துக்கொண்டிருந்தன. வளைத்த கண்ணிகளில் ஏழெட்டு நிமிரவே இல்லை. மேலே எண்ணெய் விடுவதும் மூட்டுக்குள் எண்ணெய் இறங்குவதும் ஒன்றல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று: ஒற்றைச் சிலிண்டர் தம் ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பி மாட்டியிருந்தால் தேயாத பக்கம் வேலைக்கு வந்திருக்குமே?

கிக்கர்:

டிரம்முடன் ஒரே துண்டாக இருக்கிறது என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். அதை எப்படித் திருப்புவது? தனியாகக் கழற்ற முடிந்த ஸ்ப்ராக்கெட்டாக இருந்தாலும் திருப்பி மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நான் அதைச் செய்து பார்த்தவன். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பிப் போட்டேன், ஒரு மாதம் சத்தமில்லாமல் ஓடியது, பிறகு ஒருநாள் கவரைத் திறந்தபோது அடியில் கிரீஸுக்குள் ஒரு பல்லின் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் தேய்ந்து பாதியாகிவிட்ட பல், மறுபக்கத்திலிருந்து வரும் இழுவையை எப்படித் தாங்கும்? அந்தத் துண்டு செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு இன்றும் நடுங்க வைக்கிறது.

எல்லோரும் பின்சக்கரத்துப் பல்லையே பார்க்கிறீர்கள். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் பற்கள் குறைவு. பின்னால் உள்ள பல் ஒருமுறை செயினைத் தொடுவதற்குள் முன்னால் உள்ள பல் இரண்டு மூன்று முறை தொட்டுவிடும். முதலில் தேய்வது அதுதான், கவருக்குள் மறைந்திருப்பதும் அதுதான். கழற்றும்போது பல்லின் பக்கவாட்டையும் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் சக்கரங்கள் நேர்கோட்டில் இல்லை. பின் டயரின் இருபுறமும் நூல் கட்டி முன்சக்கரம் வரை இழுத்துச் சரிபார்க்காமல் புதிய செட்டை மாட்டினால் அதுவும் அதே வழியில் தேயும். செயின் லாக்கின் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் மாட்டும் கிளிப்பின்) மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைச் சிலிண்டர்:

அங்குலக்கோல் அவர்கள் சொன்னபடி செயினைக் கழற்றிக் கழுவி ஐந்து இடங்களில் அளந்தேன். நான்கு இடங்களில் 20 கண்ணிக்கு 318 மி.மீ., ஓரிடத்தில் 318.5. செயின் பிழைத்துவிட்டது. டிரம்மையும் ஒதுக்க வேண்டியதில்லை. தேய்ந்த பல்வட்டத்தை லேத்தில் கடைந்தெடுத்துவிட்டு, புதிய ஸ்ப்ராக்கெட் வளையத்தைப் போல்ட் வைத்துப் பொருத்தித் தருவதாக லேத் பட்டறையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிக்கர் எழுதியதைப் படித்ததும் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டையும் கழற்றிப் பார்த்தேன். பற்களின் உட்பக்கம் மட்டும் கண்ணாடியாகப் பளபளக்கிறது. நாளைக் காலை நூல் கட்டிப் பார்க்கப் போகிறேன்.