புதுப்பிப்பு: வளவு வேம்பு பலகையாகிறது

காற்றில் சரிந்த வளவு வேம்பை மில்லுக்கு ஏற்றாமல் செயின்சோவாலேயே பலகையாக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆக்கலாம். முதல் வெட்டுக்கு மரத்தின் மேல் அலுமினிய ஏணியை இறுக்கி, செயின்சோவைப் பூட்டும் மில் சட்டத்தை அதன்மேல் ஓட்டினோம். அப்புறம் வெட்டிய முகமே வழிகாட்டி. சங்கிலிப் பல்லை வழமையான 30 பாகைக்குப் பதில் 10 பாகையில் அராவியதும் பலகை மழமழப்பாக வந்தது. எஞ்சின்தான் பாவம், நீளவாக்கில் அறுக்கும்போது சூடேறுகிறது.

வன்னியில் பெரிய சங்கதி வேறு: பழைய மரங்களுக்குள் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு கிடக்கும். மெட்டல் டிடெக்டரால் தடவாமல் தொடங்காதீர்கள். கருங்கறை தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள், உள்ளே இரும்பு இருக்கலாம்.

அறுத்த கையோடு முனைகளுக்குப் பெயின்ற் பூசச் சொன்ன அண்ணைக்கு நன்றி. வெடிப்பு குறைவு. பலகைகளுக்கு இடையில் சலாகை (மெல்லிய மரச்சட்டம்) வைத்து நிழலில் அடுக்கியாச்சு.